வீட்டு முற்றத்தில் சின்னியா

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழின் தொன்மை பற்றியும் சங்கத்தின் தொண்டு பற்றியும் அறிஞர் பலர் இம்மேடையில் பேசியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். சின்னியா என்னும் பூச்செடியை விதையிட்டு வளர்ப்பது எவ்வாறு என்பதே அது. இதற்கு ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லி முடிக்கும் வரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் வாழும் இடத்தை முதலில் நினைவுகூர்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. பாறசாலையில் நின்றால் களியக்காவிளை அண்டை ஊர். ஆயினும் அது வேறு மாநிலம். இவ்வெல்லையைக் கடந்து நாள்தோறும் வந்துசேரும் பொருள்களுள் ஒன்று பூ. ஓணக்காலத்தில் அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் இங்குள்ள முற்றங்களில் கோலமாக விரியும் பூக்களில் பெரும்பகுதி தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வருவது. அண்மை ஆண்டுகளில் குடும்பஸ்ரீ மகளிர் குழுவினர் ஓணத்தை எதிர்நோக்கிச் செண்டுப்பூ பயிரிட்டுப் பயன் காண்கின்றனர். அவர்கள் வயலில் செய்வதை நாம் முற்றத்தில் செய்யலாகாதா?

சின்னியாவின் தாயகம் மெக்சிகோ நாடு. செருமானிய நாட்டுக் கோட்டிங்கன் நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சின் என்பார், கண்ணின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்றவர். 1727இல் பிறந்து 1759இல், முப்பத்திரண்டு அகவை நிரம்புமுன்னரே மறைந்த அவர் பெயரை லின்னேயசு என்னும் பேரறிஞர் இச்செடிக்குச் சூட்டினார். வெளிநாட்டுச் செடி என்று இதனை ஒதுக்க வேண்டுவதில்லை. நம் அடுக்களையில் உள்ள மிளகாயும், இப்பகுதி மக்களின் பசி தீர்த்த மரச்சீனிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. பாலராமபுரத்து நெசவாளரின் முன்னோரும், இருநூறு ஆண்டுகளுக்கு முன், பாலராமவர்மர் காலத்தில் தமிழகப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அல்லரோ? வந்த இடத்து மண்ணில் வேரூன்றுவது புதுமையன்று.

இனி, வளர்க்கும் முறை. நம் பகுதியில் மழை இருமுறை பெய்கிறது. சின்னியாவோ வெயிலை விரும்புவது, ஈரம் தேங்கினால் அழுகுவது. ஆகவே காலம் அறிந்து விதைத்தல் முதற்கடமை. விதையிட்ட அறுபது, எழுபது நாள்களில் பூக்கும் என்பதை வைத்துக் கணக்கிடுக. ஐப்பசி இறுதியில் இட்டால் பொங்கலை ஒட்டி முதற்பூ காணலாம். கார்த்திகையில் இடுவது இன்னும் நன்று. மழை ஓய்ந்து தையும் மாசியும் முற்றம் நிறையப் பூக்கும். ஓணத்திற்குப் பூ வேண்டுவோர் ஆனியில் விதைத்தல் வேண்டும். அது அடைமழைக் காலமாதலின், நேரே நிலத்தில் இடுதல் ஆகாது. முதலாண்டில் நாம் அவ்வாறு இட்டு, விதை முழுவதையும் மழைக்குப் பறிகொடுத்தோம். வாழையிலைத் தொன்னைகளில் மண் நிரப்பி, இறவாரத்தின் கீழ் வெளிச்சம் படும் இடத்தில் வைத்து முளைக்கச் செய்க. சின்னியா தன் வேரைக் கலைப்பதைப் பொறாது. மூன்று வாரம் கழித்துத் தொன்னையோடு நட்டால் வேர் கலையாது, இலையும் மண்ணில் மட்கிவிடும்.

நம் செம்மண் புளிப்புத் தன்மை மிக்கது. மட்கிய சாணி எருவும் சிறிது மரச்சாம்பலும் கலந்து, நீர் வடியுமாறு மேட்டுப் பாத்தி அமைத்தல் வேண்டும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் இட்டால் போதும். நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடுக. நெருக்கி நட்டால் காற்றோட்டம் குன்றி, இலைமேல் வெண்பொடி தூவினாற்போலச் சாம்பல் நோய் படரும். நான்கு இணை இலைகள் தோன்றியதும் நுனியைக் கிள்ளிவிடுக. கிள்ள மனம் வராது. ஆயினும் கிள்ளிய செடியே கிளைத்துப் பல பூக்களைத் தரும். மழைக்காலத்து இரவுகளில் ஆப்பிரிக்க நத்தைகள் இளஞ்செடியைத் தின்றுவிடும். விளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கி அகற்றுவதே எளிய வழி.

நீரை வேரடியில், காலையில் ஊற்றுக. விண்வெளி நிலையத்திலும் இச்செடியை வளர்த்தனர். 2015ஆம் ஆண்டு இறுதியில் அங்கே ஈரம் மிகுந்து இலைகளில் பூஞ்சணம் படர்ந்தது. விண்வெளி வீரர் சுகாட் கெல்லி, வகுத்த அட்டவணைப்படி நீர் விடுவதை நிறுத்தி, செடியின் நிலையைப் பார்த்து நீர் விட்டுவந்தார். 2016 சனவரியில் பூ மலர்ந்தது. நம் இல்லத் தோட்டத்திற்கும் விதி அதுவே.

பூக்கொய்ய வேண்டுமாயின், காம்பைப் பூவிலிருந்து ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தலை துவண்டால் இன்னும் முதிரவில்லை. விறைத்து நின்றால் கொய்யலாம். சிறார்களே, ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பூ என நாம் அழைப்பது ஒரு பூவன்று. சுற்றிலும் உள்ள இதழ் ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுவில் மஞ்சள் விண்மீன்போல் மின்னுவன ஒவ்வொன்றும் ஒரு பூ. ஒவ்வோர் இதழின் அடியிலும் அம்புமுனை போன்ற ஒரு விதை உண்டு.

அவ்விதையைப் பற்றியே நாம் சிறப்பாகச் சொல்ல வந்தோம். சின்னியா ஓராண்டும் வாழாத செடி. காய்ந்த பூவைச் சேர்த்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, தாளுறையில் இட்டு, ஈரம் புகாத புட்டியில் வைத்து, மறுபருவம் விதைத்தால்தான் அது வீட்டில் நிலைக்கும்.

எம் இல்லத்து மூதாட்டியார் பல்லாண்டு இதனைச் செய்துவந்தார். ஒவ்வோர் உறையின்மீதும் பூவின் நிறத்தையும், விதைத்த மாதத்தையும், விதை தந்த வீட்டையும் தமிழில் எழுதி வைப்பார். அவர் மறைந்தபின் ஐந்தாண்டுகள் அப்புட்டியை யாரும் திறக்கவில்லை. ஒருநாள் பிள்ளைகள் அதைக் கண்டெடுத்து வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினர். மலையாளமும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கும் பிள்ளைகள் தம் பாட்டியின் கையெழுத்தைப் படிக்க இயலாது நின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, கற்பிக்காத எம்முடையதே. அன்று ஐம்பது விதைகளை இட்டோம், முளைத்தவை ஏழு. இன்னும் இரண்டாண்டு கழிந்திருந்தால் அவ்வேழும் முளைத்திருக்குமோ, அறியோம்.

அவ்வேழு செடிகளின் விதைகளை அடுத்த ஆண்டு பிள்ளைகளே சேர்த்தனர். உறைமீது எழுதுவதற்காகவே, சிவப்பு, மஞ்சள், ஆனி, ஐப்பசி என ஒவ்வோர் சொல்லாகக் கற்றனர். வண்டும் வண்ணத்துப்பூச்சியும் மகரந்தத்தைக் கலப்பதால், சிவப்பு என்று எழுதிய உறையிலிருந்து இளஞ்சிவப்பும் பிறந்தது. அதற்கும் பெயர் தேடிக் கற்றனர். அடுத்த வீட்டு மலையாள அம்மையாருக்குத் தந்த உறையில் இரு மொழியிலும் எழுதினர். அவர் ஓணக்கோலத்தில் எம் வீட்டுப் பூவும், எம் பொங்கல் முற்றத்தில் அவர் வீட்டுப் பூவும் இடம்பெற்றன.

ஆதலின் இப்பேரவை முன் ஒரு வேண்டுகோள். இன்று வாயிலில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பத்து விதை கொண்ட ஓர் உறை வழங்கப்படும். அதன்மீது ஒன்றும் எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் விளைந்த விதையோடு, உங்கள் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதிய உறையையும் கொண்டுவாருங்கள். எழுத்துப் பிழை இருப்பினும் திருத்தித் தரவேண்டாம். பிள்ளையின் எழுத்திலேயே வரட்டும். அவ்வுறைகளை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டு அடுத்த பருவத்தைத் தொடங்குவோம்.