கரண்ட் ஒயரில் இன்டர்நெட் வருமா?

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வி. ரவுட்டர் கீழே ஹாலில், டி.வி. மாடியில், நடுவில் கான்கிரீட் தளம். வை-ஃபை எட்டலை, படம் சுத்திக்கிட்டே நிக்குது. சுவரை உடைக்காம வழி இருக்கான்னு கேட்கிறார்.

இருக்கு. பவர்லைன் அடாப்டர். மொத்தம் ரெண்டு பெட்டி. ஒன்றை ரவுட்டர் பக்கத்துல சொருகி லேன் கேபிள் கொடுக்கணும். இன்னொன்று டி.வி. பக்கத்துல, அதே மாதிரி. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டேட்டா போறது 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. அதனால ஒரே ஒயரில் ரெண்டும் மோதாமல் போகுது.

வாங்குறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கேளுங்க: வீடு த்ரீ ஃபேஸா? கீழே ஒரு ஃபேஸ், மாடிக்கு வேற ஃபேஸ்னா சிக்னல் ரொம்பவே குறையும், சில வீட்டில் வரவே வராது. நம்ம ஊர் மாடி வீடுகளில் இது சகஜம். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார், நாமதான் கேட்கணும். ஸ்பைக் கார்டு, யு.பி.எஸ். வழியாச் சொருகினாலும் சிக்னலை வடிகட்டிடும். நேரா சுவர் பிளக்தான்.

அட்டையில் 600, 1000னு போட்டிருப்பாங்க. அதில் பாதிகூடக் கையில் கிடைக்காது. கவலை வேண்டாம், 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறது 15 எம்.பி.பி.எஸ். தான்.

திருப்பித் தர வசதி இருக்கிற இடத்தில் வாங்குங்க. படத்தை ஓடவிட்டு, மிக்ஸியையும் போட்டுப் பாருங்க. அபார்ட்மென்ட்னா, பெட்டியில் இருக்கிற பேர் பட்டனை அழுத்தாம விடாதீங்க. சிக்னல் பக்கத்து வீட்டுக்கும் கசியலாம்.