குறுந்தூரமா, நெடுந்தூரமா?

ஓட்டக் கலையில் மனம் செலுத்தும் இளைஞர்களை முதலில் எதிர்கொள்ளும் வினா, குறுந்தூர ஓட்டத்திற்குப் பயில்வதா, நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயில்வதா என்பது. அதற்கு விடை காணுமுன், இவ்விரண்டும் நம் சரீரத்தினிடம் எதை எதிர்பார்க்கின்றன என்று சற்று ஆராய்வது உசிதம்.

நூறு மீட்டர் ஓட்டத்திற்கு வேண்டிய சக்தியைத் தசைகள் பெரும்பாலும் தம்மிடமுள்ள கையிருப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன; உள்ளிழுத்த பிராணவாயு வந்து உதவுவதற்கு அந்தச் சில விநாடிகளில் அவகாசம் இல்லை. பாதி வழியைக் கடந்த சிறிது நேரத்தில் வேகம் உச்சத்தைத் தொட்டு, பிறகு எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் குறையத் தொடங்குகிறது. ஆதலால், இறுதியில் பாய்ந்து முந்துகிறான் என்று நாம் வியக்கும் ஒருவன், மெய்யாகப் பார்த்தால், மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்ந்தவனே ஆவான். 42.195 கிலோமீட்டர் நீளும் மராத்தானிலோ, இருதயமும் சுவாசமும் ஓயாமல் பிராணவாயுவை ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் அளவில் உடலின் சர்க்கரைச் சேமிப்பு வற்றத் தலைப்படும்போது, தொடக்கத்தில் அவசரப்பட்டவன் தன் அவசரத்துக்கு உரிய விலையைக் கொடுக்கிறான்.

இதைக் கேட்டதும், குறுந்தூரக்காரன் விரைவாகக் கொஞ்சமும், நெடுந்தூரக்காரன் மெதுவாக நிறையவும் ஓடினால் போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். நூறு, இருநூறு மீட்டர் ஓட்டங்களை ஒதுக்கிவிட்டால், அம்முடிவு முழு உண்மையன்று என்பதை நிரூபித்தவர்கள் இருவர். விந்தை என்னவெனில், இருவருமே செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்.

ஒருவர், செக்கோஸ்லோவாக்கியாவில் பாட்டா தொழிற்சாலையில் வேலை செய்த எமில் ஜாட்டோபெக். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பத்தாயிரம் மீட்டரிலும் ஐயாயிரம் மீட்டரிலும் தங்கம் வென்றபின், அதுவரை ஓடியே அறியாத மராத்தானிலும் இறங்கி, எட்டே நாட்களுக்குள் மூன்றாவது தங்கத்தையும் அடைந்தார். இத்தகைய நெடுந்தூர வீரர் செய்த அப்பியாசமோ, நானூறு மீட்டரை வேகமாக ஓடி, இடையே சிறிது தூரம் மெல்ல ஓடி இளைப்பாறி, மீண்டும் வேகமாக ஓடுவதாக, ஒரே நாளில் பற்பல முறை திரும்பத் திரும்பச் செய்வது.

மற்றவர், நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் ஓடியது 800 மீட்டர், அதாவது இரண்டு நிமிஷத்திற்கும் குறைந்த பந்தயம்; எனினும் குரு அவரை ஆக்லாந்து நகரை அடுத்த குன்றுப் பாதைகளில் ஒரே மூச்சில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். முதலில் பல வாரங்கள் நெடும் ஓட்டம், அடுத்து மேட்டு ஓட்டம், கடைசியில்தான் வேகப் பயிற்சி என்பது அவர் வகுத்த கிரமம். 1960 இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்ற அதே நாளில், அதே குருவின் மற்றொரு சீடரான மர்ரி ஹால்பெர்க் ஐயாயிரம் மீட்டரில் தங்கம் வென்றார். வர்ணம் என்ற உருப்படியை மெதுவாகவும் விரைவாகவும் இரண்டு காலங்களில் சாதகம் செய்து குரலைப் பண்படுத்தும் நம் பாடகர்களுக்கு, நிதானப் பயிற்சி வேகத்துக்கு உதவும் இந்த மர்மம் எளிதில் விளங்கும்.

அப்படியானால் தேர்வு என்பதே தேவையில்லையா? தேவைதான், ஆனால் பந்தயத்தின் தூரத்தைவிட, அதற்கான அன்றாட உழைப்பைப் பார்த்துத் தேர்வு செய்வதே விவேகம். குறுந்தூரக்காரன் ஒருமுறை முழுவேகத்தில் ஓடிவிட்டு, அடுத்த முறைக்குப் பல நிமிஷங்கள் காத்திருந்து, புறப்படும் நிலையையும் கையசைவையும் அடியெடுப்பையும் நுணுக்கமாகச் செப்பனிடுகிறான். நுட்பத்தில் ருசி உள்ளவனுக்கே அது பிடிக்கும். நெடுந்தூரக்காரனுக்கோ, பாராட்டுவார் இல்லாத அதிகாலைத் தனிமையில் மணிக்கணக்காக ஓடுவது சலிக்காதிருக்க வேண்டும். மேலும், துரித வேகம் பெரும்பாலும் பிறவியிலேயே தசைகளில் அமைவது. தாங்கும் திறனோ ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் வளர்வது.

ஆகவே இன்னும் முடிவுக்கு வராத இளைஞருக்கு என் யோசனை இது: சில மாதங்கள், பேச்சுத் தடைபடாத நிதானத்தில் ஓடிப் பழகுங்கள். இருதயம் விரைவில் பழகிக்கொண்டாலும், எலும்புகளும் தசைநாண்களும் பழகத் தாமதிக்குமாதலால், தூரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்டுங்கள். பின்னர் 800 மீட்டரை ஓடிப் பாருங்கள். வேகம், பொறுமை இரண்டையும் சோதிக்கும் அந்த இடைத்தூரத்தில், உங்களைக் கைவிட்டது மூச்சா, கால்களின் விரைவா என்பதைக் கடிகாரத்தைக் காட்டிலும் உங்கள் உடலே தெளிவாகச் சொல்லிவிடும். அதன்பிறகு எத்தூரத்தைத் தேர்ந்தாலும், மற்றதின் பயிற்சியை அடியோடு விட்டுவிடாதீர்கள்.