வீட்டுப் பக்கத்தில் மிருக வைத்தியசாலை



தோட்டத்தில் நாம் வாழ்ந்த நாளில், மாட்டுக்கொட்டகையை எங்கே போடுவது, ஆட்டுப்பட்டியை எந்தப் பக்கம் அடைப்பது என்பதையெல்லாம் துரைதான் தீர்மானித்தார். லயத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளியிருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூடாது, கோயில் பக்கம் கூடாது என்று கிராணியார் வந்து சொல்லிவிட்டுப் போவார். கேட்டுக்கொள்வது ஒன்றுதான் நம் வேலையாக இருந்தது.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறி, மாதத் தவணை கட்டி, தாமான்களில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். 1896-ஆம் ஆண்டு டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலத்திலிருந்து மலாக்காத் தோட்டங்களில் பால் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர், தஞ்சோங் கிளிங், பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்துத் தாமான்வாசிகளாகிவிட்டார்கள். தாமானில் துரை இல்லை. அப்படியானால் பக்கத்து நிலத்தில் யார் எதைக் கட்டலாம் என்று தீர்மானிப்பவர் யார்? அந்தத் தீர்மானத்தில் நமக்குப் பேச இடம் உண்டா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் ஒரு தாமான். அதன் மூலை வீட்டில் ஒரு மிருக வைத்தியர் சின்ன வைத்தியசாலை நடத்தி வருகிறார். நாய்க்கு ஊசி, பூனைக்கு மருந்து, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று ஊருக்கு உபகாரமாக நடந்து வருகிறது. இப்போது அவர் பின்பக்கம் ஒரு கட்டடம் எழுப்பி, அறுவைச் சிகிச்சை அறையும், இரவில் பிராணிகளைத் தங்கவைக்கக் கூண்டுகளும் வைக்க விரும்புகிறார். அடுத்த வீட்டு அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. இரவு முழுவதும் நாய் குரைத்தால் கைக்குழந்தை எப்படித் தூங்கும்? எதிர்வீட்டு ஐயாவோ, "கட்டட்டுமே, நம்ம ஆட்டுக்கு நோய் வந்தா ராத்திரியிலேயும் தூக்கிக்கிட்டு ஓடலாமே" என்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கென்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. 172-ஆவது சட்டமான நகர், கிராமத் திட்டமிடல் சட்டம்தான் அது. பிரிட்டனில் 1947-இல் வந்த சட்டத்தின் சாயல் அதில் நிறைய உண்டு. இன்ன இடம் குடியிருப்புக்கு, இன்ன இடம் வியாபாரத்துக்கு என்று ஊரைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது செல்லுமா என்ற கேள்வி 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூரின் வழக்கு அது. செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே இது நம்மூர்க் கழகத்து அதிகாரிகள் நம்மைத் தொந்தரவு செய்யக் கண்டுபிடித்த புது விஷயம் அன்று.

நம் சட்டத்தில் 'மேம்பாடு' என்ற சொல்லுக்குப் பொருள் விரிவானது. கட்டடம் கட்டுவது மட்டும் மேம்பாடு அல்ல. ஒரு வீட்டையோ நிலத்தையோ வேறு காரியத்துக்குக் கணிசமாக மாற்றிப் பயன்படுத்துவதும் மேம்பாடுதான். வீடாக இருந்தது வைத்தியசாலையானால், ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காவிட்டாலும் அது மேம்பாடு. இப்படிப்பட்ட எதையும் திட்ட அனுமதி, அதாவது நாம் பாரங்களில் பார்க்கும் 'கெபெனாரான் மெராஞ்சாங்', பெறாமல் தொடங்கக்கூடாது. மீறினால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 வெள்ளி வரை மேலும் விதிக்கலாம். பின்பக்கத்தில் தகரம் போட்டுச் சாப்பாட்டுக் கடை வைக்க நினைக்கும் நம் வீட்டாரும் இந்தத் தொகையைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

அதற்காக ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். கட்டடத்தின் உள்ளே மட்டும் செய்கிற பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் உபயோகம் மாறக்கூடாது, உயரமோ தரைப்பரப்போ கூடக்கூடாது, வெளித்தோற்றம் பெரிதாக மாறக்கூடாது, கால்வாயும் கழிவுநீர் அமைப்பும் பாதிக்கப்படக்கூடாது. நம் உதாரண வைத்தியர் உள்சுவருக்குச் சாயம் அடித்து மேசையை மாற்றிப் போட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்கட்டு எழுப்பினால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யாரிடம் கேட்பது? அந்தந்த வட்டாரத்து ஊராட்சி மன்றம்தான் திட்டமிடல் அதிகாரி. தஞ்சோங் கிளிங்குக்கு அது மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம். திட்ட அனுமதி மட்டும் போதாது. கட்டட வரைபடத்துக்கு 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி ஒப்புதல் வேண்டும். நிலப் பட்டாவில், அதாவது கிராண்டில், 'குடியிருப்பு' என்று நிபந்தனை எழுதியிருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின்படி நில அலுவலகத்தில் மனுச் செய்து அதை மாற்ற வேண்டும். அதற்குப் பணமும் கட்ட வேண்டியிருக்கும். எக்ஸ்ரே கருவிக்குத் தனி லைசென்ஸ். ஊசி, இரத்தம் தோய்ந்த பஞ்சு முதலியவை சாதாரணக் குப்பையோடு போகக்கூடாது. 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அவை பட்டியலிடப்பட்ட கழிவுகள். வைத்தியர், 1974-ஆம் ஆண்டு மிருக வைத்தியர் சட்டத்தின்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இத்தனையும் வெவ்வேறு கதவுகள். ஒரு கதவு திறந்துவிட்டது என்பதால் மற்றவையும் தாமாகத் திறந்துவிடா.

இனி அக்கம்பக்கத்தாராகிய நமக்கு வருவோம். நேயர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றால், மனு வந்தவுடன் ஊராட்சி மன்றம் அண்டை நிலச் சொந்தக்காரர்களுக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்கலாம். அண்டை நிலம் என்றால் எது? ஒட்டியிருக்கும் நிலம்; 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ நடுவில் பிரிக்கும் நிலம்; முட்டுச்சந்தாக இருந்து அதே பாதையைப் பயன்படுத்துவோராக இருந்தால் 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். இரண்டு தெரு தள்ளியிருப்பவருக்கு இந்த அறிவிப்பு வராது.

இன்னொன்று. அறிவிப்பு நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் போகும். வாடகைக்கு இருப்பவருக்குப் போகாது. தோட்ட லயத்தில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பமாக இருந்தாலும், கிராண்டில் கம்பெனியின் பெயர் இருந்தால் கடிதம் கம்பெனிக்குத்தான். பக்கத்தில் தொழிற்சாலை வந்தாலும் சரி, மிருக வைத்தியசாலை வந்தாலும் சரி, லயத்துக்காரர் புல்டோசர் வந்த பிறகுதான் அறிவார். சட்டத்தில் இது ஒரு பெரிய குறை என்பது எங்கள் எண்ணம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், இப்படிக் கடிதம் வந்தால் காட்டும்படி.

சரி, உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால்? அப்போது அந்த 21 நாள் அறிவிப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பலருக்கும் இது தெரியாது. திட்டம் வரையும்போதே எந்தப் பகுதியில் எது வரலாம், எது நிபந்தனையோடு வரலாம், எது வரவே கூடாது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நகல் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்தில்தான் நாம் போய்ப் பார்த்து ஆட்சேபம் எழுத வேண்டும். அந்தக் காலம் 4 வாரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. மாநகர் மன்றத்தில் வரைபடம் மாட்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் வரும். நாமோ அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு சினிமாப் பக்கத்துக்குப் போகிறோம். ஐந்தாண்டு கழித்துப் பக்கத்தில் கட்டடம் எழும்பும்போது, "எங்களை யாருமே கேட்கவில்லையே" என்கிறோம். திட்டத்துக்கு முரணான மேம்பாட்டுக்கு அனுமதி கொடுக்க மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்பதால், அந்த வரைபடத்தில் நம் தெருவுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்பது நமக்குப் பெரிய காரியம்.

கேட்காமல் செய்ததை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளுமா? கோலாலம்பூரில் பக்கத்து நிலத்துக்குக் கொடுக்கப்பட்ட மேம்பாட்டு அனுமதியை எதிர்த்து ஒரு வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். விதி சொல்லும் இடத்தில் அண்டை நிலக்காரரின் பேச்சைக் கேட்பது கட்டாயக் கடமை என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் உண்டு. மலாக்காவுக்கு அதே வாசகம் பொருந்தாது. இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய் என்ற நியாயம் இரண்டுக்கும் பொதுதான்.

நம் மக்களை நேராகவே தொடுகிற வழக்கு ஒன்று இருக்கிறது. முன்னாள் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள், தோட்டம் போன பிறகு, 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து தற்காலிக நீள்வீடுகளில் இருந்து வந்தன. ஏறக்குறைய 100 குடும்பங்கள். அதையொட்டிய ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில், 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டு அடுக்ககங்களும், நம் மக்களையும் குடியமர்த்த 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. பூங்கா போகிறதே என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் 2018-இல் தோற்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021 ஜனவரியில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்று முடித்தது. முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்கு உண்டு என்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. பூங்கா பிழைத்தது. ஆனால் நாற்பது ஆண்டுக்குமேல் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்த தோட்டக் குடும்பங்களின் கட்டடமும் அதே கோப்பில்தான் இருந்தது. ஏழைகளுக்குக் கொடுத்த வாக்கை எட்டு கோபுரங்களோடு முடிச்சுப் போட்டிருக்கக் கூடாது என்றே நாம் கருதுகிறோம்.

மறுபடியும் நம் மூலை வீட்டு வைத்தியசாலைக்கு வருவோம். பிராணிகள் என்றாலே நோய் என்று அஞ்சுவோர் உண்டு. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமி பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவி, நம் நாட்டில் 105 பேரைக் கொண்டுபோனதை மறக்க முடியாது. ஆனால் பண்ணை வேறு, வைத்தியசாலை வேறு. 2017-இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது, நாய்க்குத் தடுப்பூசி போட ஆள் பக்கத்தில் இருப்பதன் அருமை தெரிந்தது. ஆகவே வைத்தியசாலையே வேண்டாம் என்று எழுதுவதைவிட, எது நமக்குத் துன்பம் என்று பிரித்து எழுதுவது மேல். அனுமதியோடு நிபந்தனை விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிகிச்சையில் இருக்கும் பிராணியை மட்டும் இரவு தங்கவைக்கலாம், சுகமாயிருக்கும் நாய்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் தொழில் இங்கே கூடாது என்று கேட்கலாம். கூண்டறைக்குச் சத்தம் வெளியே வராத சுவர், கழுவும் தண்ணீர் மழைக் கால்வாயில் விழாத ஏற்பாடு, வருகிறவர் காரை நம் வாசலில் நிறுத்தாமல் உள்ளேயே நிறுத்த இடம் ஆகியவற்றைக் கேட்கலாம். பல இனத்தார் கூடி வாழும் தாமானில் நாய் விஷயத்தில் மலாய் அண்டைவீட்டாரின் மத உணர்வும் இருக்கிறது. நாய் வரும் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே கலந்து பேசிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. வைத்தியரும் மனுப் போடும் முன்பே நாலு வீட்டுக் கதவைத் தட்டி வரைபடத்தைக் காட்டினால் பாதி ஆட்சேபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆட்சேபக் கடிதம் மலாயில் இருப்பது வசதி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டே எழுதிவிடலாம். நம் பெயர், கிராண்டு எண் அல்லது லாட் எண், மனுவின் எண், ஆட்சேபத்தின் காரணம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். "நேரில் வந்து பேச விரும்புகிறோம்" என்ற வரியை மறந்துவிடாதீர்கள். அப்படிக் கேட்டவரை, ஆட்சேபம் கிடைத்த 30 நாளுக்குள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு பிடிக்காவிட்டால், முறையாக ஆட்சேபம் கொடுத்த அண்டை நிலக்காரர், முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அனுமதி கிடைக்காத வைத்தியருக்கும் அதே ஒரு மாதம்தான். அனுமதி கிடைத்தும் 12 மாதத்துக்குள் அவர் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத வரை அந்த அனுமதி காலாவதியாகிவிடும்.