மைக் செட்: கம்பி இணைப்பில் கவனம்
(மைக் செட் தொழிலாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கல்யாணமா? காதுகுத்தா? கோயில் திருவிழாவா? பொதுக்கூட்டமா? எதுவானாலும் முதலில் வந்து நிற்பவர் யார்? நீங்கள்தான். எல்லோரும் போன பிறகு கம்பியைச் சுருட்டுகிறவரும் நீங்கள்தான். வேலை ஒழுங்காக நடந்தால் உங்களை யாரும் நினைப்பதில்லை. பாட்டு நின்றால்தான் "மைக் செட்காரர் எங்கே?" என்று தேடுகிறார்கள்.

பாட்டு ஏன் நிற்கிறது? பல சமயம் கம்பி இணைப்பில்தான் கோளாறு. தவறாக இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும். அன்றைய வாடகை போகும். கடன்பட்டு வாங்கிய பெட்டியும் போகும். சில சமயம் உயிரே போய்விடும். ஆகவே இன்று கம்பி இணைப்பைப் பற்றிப் பேசுவோம்.

பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வரிசையாகத் திருகுகள் இருக்கும். ஒன்று பொது முனை. அதில் 'காம்' என்று போட்டிருக்கும். அடுத்து 4, 8, 16 என்று எண்கள் இருக்கும். அவற்றின் பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறி இருக்கும். அது ஓம் என்னும் அளவின் குறி. பல பெட்டிகளில் 70, 100 என்றும் இருக்கும். அவை வோல்ட் அளவு.

ஸ்பீக்கரின் ஒரு கம்பி பொது முனைக்குப் போகும். மற்றொரு கம்பி எந்த முனைக்கு? கை பழக்கத்தில் கட்டக் கூடாது. கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும்.

ஓம் கணக்கு

ஓம் என்பது மின்சாரத்துக்கு உள்ள தடையின் அளவு. குழாய் ஸ்பீக்கர் யூனிட்டுகளில் பல 16 ஓம். பெட்டி ஸ்பீக்கர்களில் பல 8 ஓம். யூனிட்டின் மேலேயே எழுதியிருக்கும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். ஒரு மடையைத் திறந்தால் ஓரளவு பாயும். அதே அளவில் இன்னொரு மடையையும் திறந்தால் இரண்டு மடங்கு பாயும். ஸ்பீக்கரும் அப்படித்தான். இரண்டு ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாக இணைத்தால் தடை பாதியாகும்.

16 ஓம் யூனிட் ஒன்று என்றால் 16 முனையில் கட்டுங்கள். இரண்டு என்றால் 8 முனை. நான்கு என்றால் 4 முனை. எட்டு யூனிட் கட்டினால் என்ன ஆகும்? தடை 2 ஓம் ஆகிவிடும். பெட்டியில் 2 என்ற முனை இல்லையே! "பரவாயில்லை" என்று 4 முனையில் கட்டினால், பெட்டி தன் சக்திக்கு மேல் மின்சாரம் தர வேண்டிவரும். சூடேறும். டிரான்சிஸ்டர் எரியும். எட்டு யூனிட் தேவையா? இரண்டு ஆம்ப்ளிஃபயர் வைத்து, ஒன்றுக்கு நான்காகப் பிரித்துக் கட்டுங்கள்.

தூரம் அதிகமானால்

நீண்ட வாய்க்காலில் பாதித் தண்ணீரை மண்ணே குடித்துவிடும் அல்லவா? நீண்ட கம்பியும் அப்படித்தான்.

1 சதுர மில்லி மீட்டர் செம்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 100 மீட்டர் தள்ளி இருக்கிறது. போக 100, வர 100, ஆக 200 மீட்டர். இந்தக் கம்பியின் தடையே ஏறக்குறைய 3.5 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் கட்டினால், சக்தியில் 100க்கு 30 பங்கு கம்பியிலேயே வீணாகும்.

இதற்குத்தான் 100 வோல்ட் முனை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறிய லைன் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். பிறகு ஓம் கணக்கு வேண்டாம். வாட்டைக் கூட்டினால் போதும். 100 வாட் ஆம்ப்ளிஃபயரில் 20 வாட் ஸ்பீக்கர் நான்கு கட்டலாம். மொத்தம் 80 வாட். கொஞ்சம் மிச்சம் இருப்பது நல்லது. இப்போது அதே கம்பியில் 100க்கு 3 பங்குகூட வீணாகாது.

இரண்டு எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் கட்டாதீர்கள். 8 முனையிலும் 100 முனையிலும் ஒரே நேரத்தில் கட்டாதீர்கள்.

உயிருக்குக் காவல்

பிளக் இல்லாமல் வெறும் கம்பியைத் துளையில் விட்டுத் தீக்குச்சி சொருகுகிறோமே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்று முள் பிளக் போடுங்கள். பெரிய முள் எர்த் முள். அதை வெட்டாதீர்கள்.

மைக்கைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? உடனே மெயினை அணையுங்கள். மின்சாரம் கசிகிறது என்று பொருள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிப்பவர் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை. கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் கிடைக்கிறது. உங்கள் பலகையில் அதைப் பொருத்துங்கள்.

மின்கம்பத்தில் குழாய் கட்டாதீர்கள். மூங்கில் நடும் முன் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போகிறதா? இடத்தை மாற்றுங்கள். 100 வோல்ட் லைனும் ஆளை அடிக்கும். பெட்டி ஓடும்போது முனையைத் தொடாதீர்கள். கம்பியின் ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆபத்துதான். நன்றாக முறுக்கித் திருகுங்கள். ஒட்டு உள்ள இடத்தில் டேப் சுற்றுங்கள்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் கம்பியைத் தள்ளுங்கள்.

சட்டமும் உண்டு

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. "இன்னும் ஒரே பாட்டு" என்பார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கலாம். நாளைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம்.

நண்பர்களே! ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். நிகழ்ச்சிக்குப் போகும் முன் அதில் நான்கு வரி எழுதுங்கள். எத்தனை ஸ்பீக்கர்? எத்தனை ஓம் அல்லது வாட்? எவ்வளவு தூரம்? எந்த முனை? எழுதிய பிறகு கம்பியைத் தொடுங்கள். பெட்டியும் பிழைக்கும், நீங்களும் நலமாக வீடு திரும்புவீர்கள்.