விரல் நுனி போன பின்னும் கிதார்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம், 1965. உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில் 17 வயது டோனி அயோமிக்கு அன்றுதான் கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் துண்டாகிப் போயின. அவர் இடது கைக்காரர். அதனால் கிதார் தந்தியை அழுத்தும் கையே அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள்.

சோர்ந்து கிடந்தவரைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். அதில் வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, மீதி இரண்டு விரல்களைக் கொண்டே ஜாஸ் கிதாரில் பெரும்புகழ் பெற்றவர்.

அயோமி மறுபடி கிதாரை எடுத்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். தந்தியில் வழுக்காமலிருக்க, அதன்மேல் தோல் துண்டை ஒட்டினார். கனத்த தந்திகளை அழுத்தினால் வலியில் உயிர் போயிற்று. மெல்லிய கிதார் தந்திகள் அப்போது அவருக்குக் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். அதனால் பிறந்த கனத்த நாதமே அவருடைய பிளாக் சாபத் குழுவின் அடையாளமாயிற்று. முதல் ஆல்பம் 1970-இல் வந்தது.

கைவலியால் கிதாரை ஓரங்கட்டியவர்களே, மெல்லிய தந்தி, தளர்ந்த சுருதி, கொஞ்ச நேரப் பயிற்சி என்று மீண்டும் தொடங்குங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள். விரல் மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள்.