ஆறாத வாய்ப்புண்ணை மறைக்க வேண்டாம்

(கூடலூரில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நம் பள்ளத்தாக்கில், நெற்பயிரின் இலையில் புள்ளி விழுந்தால் அன்றே மருந்து தேடுகிறோம். ஆனால், நம் வாயில் மூன்று வாரமாக ஆறாத புண்ணைச் "சுண்ணாம்பு பட்டு வெந்தது" என்று சொல்லி மறைத்து விடுகிறோம். நாற்று நடும் வயலிலும், ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்பிலும் வெற்றிலை, பாக்கு, புகையிலை நம்மோடு வருகின்றன. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் புகையிலையும், பீடியும், மதுவும் முக்கிய காரணங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்தது.

இந்நோய் வந்தால் மீட்சியில்லை என்பதும், கத்தி பட்டால் பரவும் என்பதும் தவறான எண்ணங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கிய காலத்திற்கும் இன்றைக்கும் வைத்தியம் வெகுவாக வளர்ந்துள்ளது. உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கூடியவரை காத்து, கட்டியின் வடிவிற்கேற்பக் கதிரைச் செலுத்தும் முறை வந்துள்ளது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இரண்டு ஆய்வுகளை இங்கே கூற விரும்புகிறோம். 2015-இல் வெளியான ஆய்வு, தொடக்க நிலையிலுள்ள வாய்ப்புற்று பற்றியது. முதல் அறுவையிலேயே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் அகற்றியவர்களில், மூன்றாண்டு முடிவில் 100-க்கு 80 பேர் உயிருடன் இருந்தனர். கழுத்தில் நோய் தோன்றும்வரை காத்திருந்து அகற்றிய முறையில் இத்தொகை 67 அல்லது 68-தான். 2022-இல் வெளியான ஆய்வு நோய் முற்றியவர்களைப் பற்றியது. நிவோலுமாப் என்னும் விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்துக் கொடுத்ததில், ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 100-க்கு 16-லிருந்து 43 ஆக உயர்ந்தனர்.

இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தி வந்தவருக்கு மூன்றாண்டில் 80. பிந்தி வந்தவருக்குப் புதிய மருந்துடனும் ஓராண்டில் 43. காலத்தே வருவதற்கு ஈடான மருந்து இல்லை.

இதில் ஊராட்சிகள் செய்யக்கூடியது மிகுதி. மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996-இல் ஒரு சோதனை தொடங்கியது. ஏழு ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியாயிற்று.

ஆகவே, ஒவ்வொரு ஊராட்சியும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்து, வேலை ஓய்ந்த மாதத்தில் வாய்ச் சோதனை முகாம் நடத்த வேண்டுகிறோம். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை, நீங்காத குரல் கம்மல், கழுத்துக் கட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வாரம் நீடித்தாலும், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர்க்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை உறுப்பினர்கள் எடுத்துரைக்க வேண்டும். தனியே செல்லத் தயங்குவோருடன் ஓர் உறுப்பினர் துணையாகச் செல்லட்டும். நம் ஊரில் ஓர் உயிராவது காலம் தாழ்த்தியதால் போகாதிருக்கச் செய்வோம்.