ஆளும் தலையும் ஆற்றும் கையும்



அரசின் பணி விரைந்து நடைபெறவேண்டும். மக்களின் வரிப்பணம் பாழாகக்கூடாது. இவ்விரண்டிலும் எந்நாட்டார்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அப்பணி பிழைபட்டு உயிர்கள் மாயுமானால், விடைசொல்லக் கடமைப்பட்டவர் யார்? ஆளுகைச் சீர்திருத்தங்களை நிறுத்துப் பார்ப்பதற்குரிய துலாக்கோல் இவ்வொரு வினாவே. மூன்று நாடுகளின் பட்டறிவு இதனைத் தெளிவாக்கும்.

நியூசிலாந்தில் 1984-ஆம் ஆண்டு தேவிடு இலாங்கேயின் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கட்டில் ஏறியது. கடன்சுமை நாட்டை அழுத்திய நேரம் அது. பொருளமைச்சர் உரோசர் தக்ளசு பழைய கட்டமைப்பை அடியோடு புரட்டினார். 1987-இல் அஞ்சல்துறையானது அஞ்சல், தொலைபேசி, வைப்பகம் என மூன்று நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டில் 432 அஞ்சலகங்கள் மூடப்பட்டன. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துறைத்தலைவர்கள் ஐந்தாண்டுக்கு மிகாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். குறிக்கோளை வரையறுப்பவர் அமைச்சர். அதனை நிறைவேற்றும் வழி துறைத்தலைவரின் பொறுப்பு. தலை வேறு, கை வேறு என்னும் கொள்கை இதுவே.

அதே சீரமைப்பில் 1987-இல் பிறந்தது இயற்கைக் காப்புத்துறை. தென்தீவில், பாப்பரோவாக் காட்டில், கேவு கிரீக்கு என்னுமிடத்தில் ஆழ்ந்த பள்ளத்தின்மேல் அத்துறை ஒரு காட்சிமேடை கட்டியது. 1995 ஏப்பிரல் 28-ஆம் நாள், மாணவர்கள் ஏறிநின்ற அளவில் அம்மேடை சரிந்து வீழ்ந்தது. மாணவர் 13 பேரும் துறை அலுவலர் ஒருவரும் மாண்டனர். உசாவல் ஆணையம் உண்மையை வெளிக்கொணர்ந்தது. தகுதிபெற்ற பொறியாளர் எவரும் அம்மேடையை வடிவமைக்கவில்லை. கட்டட இசைவு பெறப்படவில்லை. மரையாணி முடுக்கவேண்டிய இடத்தில் வெறும் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. போதிய பொருளின்றி அத்துறை திணறியதையும் ஆணையம் எடுத்துரைத்தது. ஆயினும் குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டவர் ஒருவருமிலர். அரசுத்துறையின்மீது அத்தகைய வழக்குத் தொடர அன்று சட்டத்தில் இடமே இல்லை. அமைச்சர் தெனிசு மார்சல் விலகியது 1996-இல். கட்டடப் பாதுகாப்பையும் தொழிற் பாதுகாப்பையும் மீறும் அரசுத்துறைகளைக் கூண்டில் நிறுத்தும் சட்டம் வந்ததோ 2002-இல்!

பிரித்தானியாவில் தாட்சர் அரசு 1988-இல் செயல்முகமைகளை உருவாக்கத் தொடங்கியது. கொள்கை அமைச்சருக்கு, நடைமுறை முகமைக்கு என்பது ஏற்பாடு. 1993-இல் சிறைத்துறையும் முகமையாயிற்று. 1995 சனவரியில் பார்க்கெர்சுட்டுச் சிறையினின்று மூவர் தப்பினர். அக்டோபரில் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஓவார்டு, முகமைத் தலைவர் தெரிக்கு உலூயிசை நீக்கினார். பிழை நடைமுறையினதே, கொள்கையினது அன்று என்றார். அன்றாட நடைமுறையிலும் அமைச்சர் தலையிட்டார் என்று உலூயிசு குற்றஞ்சாட்டினார். புகழ் அமைச்சர்க்கு, பழி அலுவலர்க்கு என்றால், அப்பிரிவினை ஆளுகைக்கா, ஒளிந்துகொள்வதற்கா?

சுவீடனைப் பாருங்கள். அங்கும் அமைச்சகம் சிறிது. பணியாற்றுவன தனித்தியங்கும் அலுவலகங்களே. இம்முறை அந்நாட்டில் 17-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. ஒரு குடிமகனைப்பற்றி அலுவலகம் எடுக்கும் முடிவில் அமைச்சர் கட்டளையிடக்கூடாதென அரசமைப்பே தடுக்கிறது. ஆனால், தலையையும் கையையும் பிரித்த அந்நாடு, இரண்டையும் மக்களின் கண்முன் வைத்தது. அரசின் ஆவணங்களைக் காணும் உரிமையை 1766-ஆம் ஆண்டுச் சட்டமே மக்களுக்கு வழங்கியது. 1809-இல் நாடாளுமன்றத்தின் குறைகேள் அலுவலர் பொறுப்பு உருவாயிற்று. கடமை தவறிய அரசு அலுவலர்மீது வழக்குத் தொடரும் ஆற்றலும் அவர்க்கு உண்டு. அங்கும் தவறு நேராமலில்லை. நேர்ந்தால், எங்கே சென்று கேட்பது என்பதை மக்கள் அறிவர்.

மூன்று நாடுகளிலும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. சுவீடனில் திறந்த ஆவணமும் கேள்விகேட்கும் அலுவலரும் சீர்திருத்தக் காலத்திற்கு முன்பே இருந்தனர். நியூசிலாந்தோ, 14 உயிர்களை இழந்தபின் சட்டம் தேடியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தையே 2020-இல் மாற்றியமைத்தது.

ஆதலின், துறைகளைப் பிரிக்கவும் கூட்டவும் முனையும் எந்த அரசையும் மக்கள் முதலில் கேட்கவேண்டியது செலவு எவ்வளவு குறையும் என்பதன்று. மேடை சரிந்தால் யார் முன்வந்து நிற்பார் என்பதே! அதற்கு விடை எழுதப்படாத சீர்திருத்தம், மரையாணி இல்லாத மேடை.